சொம்பில் வெட்டிய பெயர்

ஜோகூர் பாருவில் அந்தக் காலத்துத் தமிழர்களுக்கு மீசை என்றால் உயிர். ஓவர்சியர் முதல் மாட்டுவண்டிக்காரர் வரை முறுக்கிவிட்டுக்கொண்டு திரிந்த ஊரில், ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதும் கிராணி செல்லப்பனுக்கு மட்டும் மேலுதடு எப்போதும் வெறிச்சென்று கிடக்கும். சில வாரம் விட்டால் ஏதோ கொஞ்சம் கறுத்து வரும். அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்துவிடும். அன்று சாயங்காலமே அது நாவிதர் கத்திக்குப் போய்விடும்.

இதற்குக் காரணம் சகாய சங்கம். முதலில் அது வெறும் கிளப்பாகத்தான் இருந்தது. ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சீனர் மளிகைக்கடையின் மாடியை வாடகைக்குப் பிடித்து, வேலை முடிந்த கிராணிகளும் கடைக்காரர்களும் சீட்டாடுவார்கள், தபாலில் வரும் பழைய பத்திரிகையைச் சண்டை போட்டுக்கொண்டு படிப்பார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷம் விஷக்காய்ச்சல் வந்தது. தோட்டங்களிலிருந்து கொண்டுவந்து போட்ட தமிழர்கள் ஆஸ்பத்திரியில் வரிசையாகச் செத்தார்கள். அழ ஆளில்லை, தூக்க ஆளில்லை. குப்பை போகிற மாதிரி வண்டியில் போனார்கள். மாடியிலிருந்து சீட்டும் கையுமாக அதைப் பார்த்தவர்களுக்கு மனசு பொறுக்கவில்லை. மறு வருஷம் கிளப் என்ற பெயரை எடுத்துவிட்டு ஜோகூர் தமிழர் சகாய சங்கம் என்று பலகை மாட்டினார்கள். சீட்டாட்டத்தையும் நிறுத்தவில்லை. மனிதர்கள்தானே.

தலைவர் கனகராஜ், பொதுப்பணி ஓவர்சியர், தீர்மானம் போடுவதில் கெட்டிக்காரர். நாதியில்லாமல் சாகிற எந்தத் தமிழனும் நாலு தோளும் ஒரு கொள்ளியும் இல்லாமல் போகக்கூடாது என்று முதல் தீர்மானம் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். கோயில் பண்டாரத்தைக் கூப்பிட்டு முறை கேட்டார்கள். தோள் யாருடையதாகவும் இருக்கலாம், ஆனால் கொள்ளி வைக்கிறவன் மகன் ஸ்தானத்தில் நிற்கவேண்டும், மீசை எடுக்கவேண்டும் என்றார் பண்டாரம். கைதட்டல் அத்தோடு நின்றது. கூடியிருந்த அத்தனை பேரின் விரலும் தன்னையறியாமல் மூக்குக்குக் கீழே போனது. செல்லப்பன்தான் கையைத் தூக்கினார்.

அவருக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. அவர் அம்மா வயிற்றில் இருக்கும்போது அப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். மலாயாவில் சிகாமட் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பதாக ஒருவர் வந்து சொன்னார், அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. வளர்ந்து ஆளானதும் அவரைத் தேடித்தான் செல்லப்பனும் கப்பலேறினார். சிகாமட் தோட்டங்களில் கூலிகள் குடியிருந்த லயம் லயமாக விசாரித்தார். நீங்கள் சொல்கிற மாதிரி ஒரு ஆள் இருந்தார், அண்ணே அண்ணே என்றுதான் கூப்பிடுவோம், பெயர் தெரியாது, வெள்ளம் வந்த வருஷம் பார்த்ததோடு சரி என்றார்கள். அப்பாவை யார் எரித்தார்கள், எரித்தார்களா, ஆற்றோடு போனாரா என்பது கடைசி வரை தெரியவில்லை. யாரோ பெற்ற பிள்ளை அப்பாவுக்குச் செய்திருப்பான், அதற்குப் பதிலாக யாரையோ பெற்ற அப்பனுக்கு நாம் செய்வோம் என்று தன் மனசைத் தேற்றிக்கொண்டார்.

அவர் மனைவி சந்திரமதிக்கு இது தெரியும். தெரிந்தும் வாய் சும்மா இருக்காது. சுடுகாட்டிலிருந்து வருகிறவருக்கு வாசலில் வெந்நீர் வைத்துவிட்டு, “மாமனார் மாமியார் இல்லாத வீடுன்னு சந்தோஷமா கழுத்தை நீட்டினேன். இப்ப மாசத்துக்கு ஒரு மாமனார் சாகிறாரு” என்பாள். இருவருக்கும் குழந்தை இல்லை. அந்தக் குறையைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டது குறைவு, இந்த மாமனார் கேலிதான் அதிகம்.

ஆஸ்பத்திரியிலிருந்து சேதி கொண்டுவருகிறவர் மரியநாதன். அங்கே புண்ணுக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸர் வேலை, ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவர், சங்கத்திலேயே அழகான மீசை அவருடையதுதான். பாடை தூக்க முதல் தோள் கொடுப்பார். “உங்க சாமி மீசை கேக்குது. எங்க சாமிக்கு ஒரு மெழுகுவத்தி போதும் கிராணி” என்று செல்லப்பனைச் சீண்டிக்கொண்டே நடப்பார்.

ரப்பர் விலை விழுவதற்கு முந்தின வருஷம், கோத்தா திங்கிப் பக்கத்திலிருந்து ஒரு லாரியில் நினைவு தப்பிய ஆளைக் கொண்டுவந்து போட்டார்கள். காட்டுக் காய்ச்சல். அன்றே முடிந்துவிட்டது. ஆள் பெயர் லாரிக்காரனுக்குத் தெரியவில்லை. கூட வந்தது ஒரு கம்பளியும் ஒரு பித்தளைச் சொம்பும். செல்லப்பன் சொம்பை வெளிச்சத்தில் திருப்பினார். கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்தது: ஐயாசாமி கருப்பாயி, செடெனாக்.

அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை. நம் சனத்துக்குக் கையெழுத்துப் போடத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் இருக்கமாட்டார்கள். கரண்டிக்கும் டம்ளருக்கும்கூட வெட்டி வைப்பார்கள். ஒரு தமிழன் தலைமாட்டில் இருக்கிற சொம்பில் இன்னொருவன் பெயர் இருக்கும் என்று எவனுக்குத் தோன்றும்? ஐயாசாமி என்று பெயர் சொல்லிப் பால் தெளித்து, ஐயாசாமி மகனாக நின்று செல்லப்பன் கொள்ளி வைத்தார். பெயர் தெரிந்த பிணம் கிடைத்ததில் அவருக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது.

மறுநாள் ரயிலேறி, சொம்பையும் சாம்பல் கலயத்தையும் எடுத்துக்கொண்டு அவரே செடெனாக் தோட்டத்துக்குப் போனார். கருப்பாயி பால்மரம் சீவிவிட்டு ரப்பர்ப் பால் வாளியோடு வந்துகொண்டிருந்தாள். கறுத்து ஒடிசலான பெண், முப்பது வயதுகூட இராது. புருஷன் கோத்தா திங்கித் தோட்டத்துக்குப் போய் வெகு நாளாகிறது என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். செல்லப்பன் சேதியைச் சொன்னார். அவள் கலயத்தைப் பார்க்கவில்லை. சொம்பைத்தான் முதலில் வாங்கினாள். முந்தானையால் துடைத்து, கட்டைவிரலால் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “எங்கம்மா குடுத்தது” என்று சொல்லி உட்கார்ந்து அழுதாள்.

பதினாறாம் நாள் கருமாதி. மகன் ஸ்தானத்தில் செல்லப்பன்தான் போய் நின்றார். பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து தாலியைக் கழற்றும்போது அவர் எழுந்து மரங்களுக்குள் போய்விட்டார். எத்தனையோ பேருக்குக் கொள்ளி வைத்தவருக்கு ஒரு தாலி இறங்குவதைப் பார்க்கத் தைரியம் இல்லை.

பிறகுதான் ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்கள் ஆட்களைக் கழித்தன. வேலை போனவர்கள் மூட்டையோடு ஜோகூர் பாருவுக்கு வந்து ஸ்டேஷன் ஓரம், மலாய்க்காரர் கம்பத்து ஓரம் என்று படுத்துக் கிடந்தார்கள். சீட்டாட்டம் அப்போதுதான் உண்மையாகவே நின்றது. சங்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தது. அண்டாவுக்குப் பொறுப்பாக ஒரு ஆள் வேண்டும் என்றபோது சந்திரமதி, “செடெனாக்கில ஒருத்தியை விட்டுட்டு வந்தீங்களே, அவளுக்கும் வேலை போயிருக்கும்ல?” என்று கேட்டாள். அப்படி வந்து சேர்ந்தாள் கருப்பாயி.

தோட்டத்தில் தலை குனிந்து நடந்தவளா இவள் என்று செல்லப்பனுக்கே சந்தேகம். அண்டா முன்னால் அகப்பையோடு நின்றால் கூட்டம் அவளுக்கு அடங்கும். ஒருநாள் கனகராஜ் யாரோ விருந்தாளியை அழைத்து வந்து வரிசையின் நடுவே புகுந்து சுற்றிக் காட்டினார். “ஐயா, தலைவரா இருந்தாலும் ஓரமா நின்னு பாருங்க. கஞ்சி ஆறுது” என்றாள். கூட்டம் சிரித்தது, கனகராஜும் வேறு வழியில்லாமல் சிரித்தார். கொட்டகைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் அவளுக்குப் பாய், பெட்டி, அந்தச் சொம்பு. சாயங்காலம் சந்திரமதியும் அவளும் வெற்றிலை போட்டுக்கொண்டு சிரிக்கிற சத்தம் கூட்ஸ் ஷெட் வரைக்கும் கேட்கும். தாலி போனவள் இவ்வளவு சிரிக்கலாமா என்று ஊரில் ஓரிருவர் முணுமுணுக்காமல் இல்லை. சந்திரமதி காதில் விழும்படி யாரும் முணுமுணுக்கவில்லை.

ஒரு மத்தியானம் வரிசையில் ஒரு ஆள் தகரக் குவளையை நீட்டினான். அகப்பையில் கஞ்சி மொண்ட கருப்பாயி அப்படியே நின்றாள்.

“கருப்பாயி?” என்றான் அவன்.

அவள் கஞ்சியை முழுதாக ஊற்றினாள். ஊறுகாயும் வைத்தாள். பிறகுதான் அகப்பை கையிலிருந்து விழுந்தது. வரிசையில் செடெனாக்காரர் ஒருவர் இருந்தார், கருமாதிச் சோறு சாப்பிட்டவர். அவர் போட்ட கூச்சலில் பாதிக் கூட்டம் பேய் என்று ஓடியது. மீதிப் பாதி பசியில் நகரவில்லை.

அன்று மாடியில் சங்கம் கூடியது. ஐயாசாமி நடுவில் உட்கார்ந்திருந்தான், மெலிந்து, காலில் புண்ணோடு. செல்லப்பன் அவன் எதிரே வந்து உட்கார்ந்தார். “அந்தச் சொம்பு எப்படிப்பா இன்னொருத்தன்கிட்ட போச்சு?” என்று கேட்டார்.

“வித்துட்டேன் ஐயா. கள்ளுக்கடையில. பக்கத்து லயத்து ஆளு, அவரு சொம்பு ஓட்டையாப் போச்சுன்னாரு.”

“அவர் பேர் என்ன?”

ஐயாசாமி யோசித்தான். “தெரியலையே ஐயா. அண்ணேன்னுதான் கூப்பிடுவோம்.”

சிகாமட்டில் செல்லப்பன் கேட்ட அதே பதில். ஆனால் எரிந்துபோனவனைப் பற்றி மாடியில் வேறு யாரும் கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறவனின் பெண்டாட்டிக்குத் தாலி கழற்ற வைத்துவிட்டோமே என்பதுதான் அவர்கள் கவலை. “சங்கத்துக்கே தலைக்குனிவு. நாம கழட்டுனதை நாமதான் கட்டி வைக்கணும்” என்றார் கனகராஜ்.

பண்டாரம் முறை சொன்னார். காரியம் செய்யப்பட்டவன் அப்படியே வீட்டுக்குள் நுழையக்கூடாது. அவன் செத்தவன் கணக்கு. குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, தொட்டிலில் இட்டு, பால் புகட்டி, புதுப் பெயர் வைக்கவேண்டும். காது குத்தவேண்டும். அப்புறம் அதே பெண்ணுக்கு மறுபடி தாலி கட்டவேண்டும். தொட்டிலில் இடத் தகப்பன் ஸ்தானத்தில் ஒருவர் வேண்டும் என்றதும் எல்லோரும் செல்லப்பனைப் பார்த்தார்கள். மரியநாதன் தாங்கமாட்டாமல், “முந்தி மகன், இப்ப அப்பன். பதவி உயர்வுதான் கிராணி” என்றார்.

வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். சங்கத்துக்கு இது முதல் கல்யாணம். ஆளாளுக்கு ஒரு வேலையை எடுத்துக்கொண்டு குஷியாகிவிட்டார்கள். செல்லப்பனும் பாதி நிம்மதியோடுதான் வீட்டுக்கு வந்தார். செய்த தப்பைச் சரி செய்ய வழி இருக்கிறதே.

சந்திரமதி சோறு போட்டாள், கேலி இல்லை. அவர் கை கழுவும் வரை காத்திருந்து சொன்னாள்: “ஏங்க, அவ முதுகை நான் பார்த்திருக்கேன். எண்ணெய் தேச்சுவிடும்போது. அவன் அடிச்ச தழும்பு வாருவாரா இருக்கு. அந்தச் சொம்பைக் குடுக்கமாட்டேன்னு புடிச்சுக்கிட்டதுக்கு ஒரு நாளு மணிக்கட்டை முறிச்சிருக்கான். இன்னைக்கும் அகப்பையை இடது கையிலதானே புடிக்கிறா, நீங்க பாக்கலையா?”

செல்லப்பன் பார்த்திருந்தார். இடது கைக்காரி என்று நினைத்திருந்தார்.

“அவ ஒண்ணும் சொல்லலையே” என்றார்.

“நீங்க யாராச்சும் கேட்டீங்களா? அத்தனை ஆம்பளைங்க மாடியில உக்காந்து பேசினீங்களே, ஒருத்தர் கீழே எறங்கி வந்து கேட்டீங்களா?”

தாலி இறங்கியபோது தான் எழுந்துபோய் மரங்களுக்குள் நின்றது அவருக்கு ஞாபகம் வந்தது. அன்றும் அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. கட்டி வைத்தால் அவளைத் திரும்ப அந்தக் கைக்கே ஒப்படைத்ததாகும். கட்டி வைக்காவிட்டால் அறுத்தது அறுத்ததுதான், அந்தப் பாவம் தன் தலையில். அந்த வாரம் முழுக்க கூட்ஸ் ஷெட்டில் அவர் எந்த மூட்டையை எந்த வண்டியில் ஏற்றச் சொன்னாரோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை கொட்டகையில் வாழை கட்டியிருந்தது. ஐயாசாமியைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றினார்கள். வளர்ந்த ஆளைத் தாங்கும் தொட்டில் எங்கே இருக்கிறது? கோணிச்சாக்கைத் தூணில் கட்டி, அதில் அவனை உட்காரவைத்து, மரியநாதனும் இன்னொருவரும் பிடித்துக்கொண்டார்கள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவனும் சிரித்தான். செல்லப்பன் அவன் வாயில் பாலை விட்டு, காதில் புதுப் பெயரை மூன்று தரம் ஓதினார்: சின்னத்தம்பி. காது குத்தியதும் பண்டாரம் தாலித் தட்டை எடுத்து, “பொண்ணைக் கூப்பிடுங்க” என்றார்.

“இருங்க சாமி. ஒரு முறை பாக்கி இருக்கே” என்றார் செல்லப்பன்.

“என்ன?”

“இவன் இப்பத்தான் பொறந்திருக்கான். நான் பெத்த பிள்ளை. என் பிள்ளைக்கு இன்னும் பொண்ணே கேக்கலையே. கேக்காம எப்படித் தாலி கட்டுறது?”

கனகராஜ் கடிகாரத்தைப் பார்த்து மலாயில் அலுத்துக்கொண்டார். “அலமாக்! அது ஒரு பேச்சுக்குத்தான் கிராணி. நேரம் போகுது.”

“முறைன்னு ஆரம்பிச்சா முழுசா செய்யணும் தலைவரே. பாதி பாத்துச் செஞ்சுதான் இந்த வம்பு” என்றார் செல்லப்பன். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. பண்டாரம் கொஞ்சம் தயங்கிவிட்டு, அவர் சொல்வது சரிதான் என்று தலையாட்டினார்.

செல்லப்பன் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். கருப்பாயி கூறைப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டாமல், சந்திரமதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் வாசற்படிக்கு வெளியே நின்றார். எல்லோரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

“தங்கச்சி, உனக்கு அப்பா இல்லை, அண்ணன் இல்லை. அதனால உன்னையே கேக்கிறேன். என் பிள்ளைக்கு உன்னைப் பொண்ணு கேட்டு வந்திருக்கேன். இஷ்டம்னா தட்டை வாங்கிக்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. யாரும் உன்னை ஒண்ணும் சொல்லமுடியாது.”

அவள் வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்தாள். இந்தத் தடவை அவரும் பார்த்தார். புடவையை எடுத்து, மடிப்புக் கலையாமல் தட்டின் மேல் வைத்தாள்.

“இல்லைங்க ஐயா” என்றாள். “நான் கட்டிக்கிட்டவன் செத்துட்டான். அவனுக்கு அழுதாச்சு, தாலியும் கழட்டியாச்சு. இது வேற யாரோ பிள்ளை. எனக்கு வேண்டாம்.”

ஐயாசாமி வெள்ளைத் துணியோடு முன்னால் பாய்ந்தான். “அவ என் பொண்டாட்டி!”

“உனக்கு ஏதுடா பொண்டாட்டி? காது குத்தின ரத்தம் காயலை” என்றார் செல்லப்பன். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் கொட்டகையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவன் கை தானாகக் கீழே இறங்கியது. கனகராஜ் தாலித் தட்டைப் பார்த்தார், பண்டாரத்தைப் பார்த்தார், கடைசியில் சாப்பாட்டையாவது போடுங்கள் என்றார்.

சின்னத்தம்பி புண் ஆறும் வரை சங்கத்துச் செலவில் இருந்துவிட்டுச் சிகாமட் பக்கம் போய்விட்டான். போகும்போது செல்லப்பனிடம், “வரேன் அப்பா” என்று சொன்னானாம். வேண்டுமென்று சொன்னானா, பழக்கத்தில் வந்ததா என்று தெரியாது. செல்லப்பனுக்கு அதைக் கேட்டு மனசு இளகியது என்னவோ உண்மை. சங்கத்திலும் ஒரு வழக்கம் மாறியது. சொம்பு, கம்பளி, தகரப்பெட்டி எதையும் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. ஆளைத் தெரிந்தவர் ஒருவர் வந்து முகம் பார்த்துச் சொன்னால்தான் பெயர், இல்லாவிட்டால் பெயரில்லாமலே கொள்ளி. பிறகும் பல வருஷம் செல்லப்பனுக்கு மீசை வளரவில்லை.

ஆனால் அவரை அரித்தது வேறு. கல்யாணம் நின்ற அன்று, பந்தி முடிந்து அண்டா கழுவும்போது கருப்பாயி அவரிடம் கேட்டாள்: “ஐயா, அப்ப நான் அழுதது யாருக்கு?”

“தெரியலையே, தங்கச்சி.”

“அவருக்கும் ஒருத்தி இருப்பாளே. தாலியோட காத்துக்கிட்டு இருப்பாளே” என்றாள். செல்லப்பனின் அம்மா தாலியோடுதான் செத்தாள்.

அந்தப் பெயர் தெரியாதவருக்கு அடுத்த திதி வந்தபோது, செல்லப்பன் சொல்லாமலே கருப்பாயி பச்சரிசியும் எள்ளும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு வந்து நின்றாள். சந்திரமதியும் வந்திருந்தாள். எதிரே சிங்கப்பூர்க் கரை, பாலத்தின் மேல் ரயில் ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. செல்லப்பன் மழித்த முகத்தோடு முழங்கால் தண்ணீரில் நின்றார். பண்டாரம் மந்திரத்தை ஆரம்பித்து, வழக்கப்படி நிறுத்தி, “பேர் சொல்லுங்க” என்றார்.

செல்லப்பன் வாயைத் திறந்தார். ஐயாசாமி என்று சொல்லமுடியாது. வேறு பெயரும் இல்லை. பெயரில்லாதவனுக்கு எள்ளும் தண்ணீரும் எப்படிப் போய்ச் சேரும்? பண்டாரம் காத்திருந்தார்.

கருப்பாயி சொம்பில் கடல் தண்ணீரை மொண்டு, இடது கையால் செல்லப்பனின் உள்ளங்கை எள்ளின் மேல் ஊற்றினாள்.

“செல்லப்பனோட அப்பான்னு சொல்லுங்க, சாமி” என்றாள்.

செல்லப்பன் கடலைப் பார்த்துக்கொண்டே அழுதார். பண்டாரம் அப்படியே சொன்னார்.